ஒரே வரிசையில் இரண்டு துயிமாலோ

மனுஷனுக்கு நம்பர் போடுவதாவது! லோசிவாலே அன்றைக்குக் கொதித்துப்போனாள். அந்தக் கொதிப்புதான் பிறகு அவளைப் படுத்தி எடுத்தது.

சமோவாவின் சவாயி தீவில், படகுத்துறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மளிகைக் கடை. ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் ஆக்லாந்திலோ சிட்னியிலோ இருக்கிறார்கள். அவர்கள் அங்கே உட்கார்ந்து ஆர்டர் போட்டால் இங்கே அம்மா வீட்டு வாசலில் அரிசியும் டின் இறைச்சியும் இறங்க வேண்டும். இதுதான் லோசியின் ஆசை. ஆள் வைத்துச் செய்ய வசதியில்லை. நாற்பத்தாறு வயதில் தானே உட்கார்ந்து இணையக் கடை கட்டக் கற்றுக்கொண்டாள். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஐந்து மாதம் பிரித்து மேய்ந்தாள். எடுத்த எடுப்பிலேயே அது கதவு எண், தெரு, பின்கோடு மூன்றையும் கட்டாயம் கேட்டது. சமோவாவில் எவன் வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது? கதவே பாதி வீட்டுக்குக் கிடையாது. மூன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ‘கிராமம்’, ‘எந்தச் சர்ச்சுக்குப் பக்கம்’ என்று இரண்டு கட்டங்கள் வைத்தாள். அன்றைக்கு அவள் நடையே வேறாக இருந்தது.

அடுத்து, சரக்கு வாங்கிக்கொள்கிறவர்களின் அட்டவணை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம் வேண்டும், அது மாறவே கூடாது, இன்னொருவருக்கும் இருக்கக் கூடாது என்றது பாடம். லோசி யோசிக்கவே இல்லை. குடும்பத் தலைவருக்குப் பரம்பரையாக வருகிற பட்டத்தையே வைத்தாள்; ஊரே அவரை அந்தப் பட்டத்தால்தான் கூப்பிடும். பட்டத்தைவிட உறுதியானது இந்த மண்ணில் வேறென்ன? இணையத்தில் கேள்வி கேட்கிற இடத்தில் முகம் தெரியாத ஒரு புண்ணியவான், “பெயர் வேண்டாம், ஆளுக்கொரு நம்பர் கொடுங்கள்” என்று எழுதினான். “எங்க பெரியவங்க என்ன ஜெயில் கைதிங்களா?” என்று பதில் போட்டுவிட்டு அவள் எழுந்துபோய் டீ குடித்தாள்.

கடை ஓட ஆரம்பித்தது. சரக்கு கொண்டுபோவது கணவன் வாவே. அந்தப் பெயருக்கு வேகம் என்று பொருள். வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். ஒருமுறை சீட்டில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, “அந்தம்மா தங்கச்சி வீட்டுலதான் இருப்பாங்கன்னு தெரியும்” என்று தங்கச்சி வீட்டில் இறக்கிவிட்டு வந்தான். லோசி ஆடித் தீர்த்துவிட்டாள். “சீட்டுல என்ன இருக்கோ அங்க போ. உன் மூளையைக் கடையிலேயே வச்சுட்டுப் போ!” வாவே அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் மாலோஃபியா கிராமத்தில் ஃபைமாலி அம்மா காலமானார். மூத்த மகன்தான் அந்த ஊர்த் துயிமாலோ, பட்டக்காரர். இளைய மகன் பெனியாமினாவுக்கு ஆக்லாந்திலிருந்து புறப்பட விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்குத் தன்னால் முடிந்தது இதுதான் என்று லோசியின் கடையில் அண்ணன் பெயருக்கு நாற்பது பெட்டி உறைந்த கோழியும் முப்பது பெட்டி டின் இறைச்சியும் ஆர்டர் போட்டான். அடக்கம் சனிக்கிழமை காலை. கடையின் குளிர்பெட்டியை வழித்துத் துடைத்து, வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே வாவேயை அனுப்பி வைத்தாள்.

பதினொரு மணிக்குப் பெனியாமினா போனில் வந்தான். “அக்கா, ஒண்ணுமே வரலையாமே? அண்ணன் கேக்குறான். சனம் கூட ஆரம்பிச்சிடுச்சாம். நான் வரவும் இல்ல, என் சார்பா ஒரு பெட்டியும் வரலன்னா... அம்மா போற நேரத்துல நான் எங்க போய் முகத்தை வச்சுக்கிறது?”

லோசி திரும்பினாள். வாவே கடை வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“எங்கய்யா இறக்கின?”

“சீட்டுல இருந்த இடத்துல. சபுலேவா.”

“சபுலேவாவா? சாவு மாலோஃபியாவுல! உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றான் வாவே. “மூளையைத்தான் கடையில வச்சுட்டுப் போகச் சொன்னியே.”

லோசி ஓடிப்போய் அட்டவணையைத் திறந்தாள். துயிமாலோ என்று ஒரே வரிசை, அதில் சபுலேவா. ஆனால் தீவில் துயிமாலோ இரண்டு பேர். ஒருவர் மாலோஃபியாவில், மற்றவர் சபுலேவாவில். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். பட்டம் எனக்கே என்று பதினோரு வருடமாக வழக்கு, பேச்சுவார்த்தை கிடையாது. போன வாரம் சபுலேவாக்காரரின் மகள் சிட்னியிலிருந்து அப்பாவுக்கு ஒரு மூட்டை மாவு வாங்கினாள். அட்டவணையில் துயிமாலோ என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால், இது அதே ஆள், வீடு மாறிவிட்டார் போலிருக்கிறது என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. மாலோஃபியாவை அழித்துவிட்டு சபுலேவா என்று எழுதிவிட்டது. அப்படிச் செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்தவள் லோசியேதான். வேறு யாரைத் திட்டுவது?

அடுத்த சரக்குக் கப்பல் திங்கட்கிழமை. தீவில் வேறு எங்கும் அத்தனை கோழி கிடையாது. வாவேயை இழுத்துக்கொண்டு சபுலேவாவுக்குப் புறப்பட்டாள்.

சபுலேவா துயிமாலோ, நாலு பக்கமும் திறந்த தன் வீட்டில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டின் இறைச்சிப் பெட்டிகள் மட்டும் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. கோழியைக் காணோம். லோசிக்கு உயிரே போய்விட்டது.

“ஐயா, தப்பு என்னோடது. அது உங்களுக்கு வந்ததில்ல...”

“தெரியும்மா. உக்காரு.”

“தெரியுமா?”

“என் மக ஒரு மூட்டை மாவு அனுப்பிட்டு மூணு தடவை போன் பண்ணிக் கேக்கிறவ. அவளா எழுபது பெட்டி அனுப்புவா?” பெரியவர் சிரித்தார். “பார்த்ததுமே பெரியம்மா சாவுக்கு வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. கோழி கெட்டுப்போகக் கூடாதுன்னு பத்து வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன்.”

“பின்ன ஏன் ஐயா சரக்கை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?”

அவர் மடியிலிருந்து சீட்டை எடுத்துத் தடவினார். “துயிமாலோ, சபுலேவான்னு அச்சுல இருந்துச்சு. ஒரு காலைப் பொழுதாவது பார்த்துக்கிட்டு இருக்கலாமேன்னு தோணுச்சு. ஆமா, உன் மெஷினுல எத்தனை துயிமாலோ?”

“ஒண்ணுதான் ஐயா.”

“கோர்ட்டு பதினோரு வருஷமா முழிக்குது, உன் மெஷின் ஒரே வாரத்துல முடிச்சுடுச்சே!” வாவே சிரித்தான். லோசி அவன் தொடையில் கிள்ளினாள்.

“நீங்க போங்க. இதை நாளைக்கு நானே கொண்டுவரேன்” என்றார் பெரியவர்.

“வண்டி இருக்கு ஐயா, இப்பவே ஏத்திட்டு...”

“நானே கொண்டுவரேன்னு சொன்னேன்.”

அதற்கு மேல் பேச முடியுமா? திரும்பி வருகிற வழியெல்லாம் லோசி புலம்பினாள். சபைக்கு நடுவில் எழுபது பெட்டியையும் தன் சீராக இறக்கிவிட்டுப் போனால்? யார் என்ன சீர் கொண்டுவந்தார்கள் என்று அறிவிக்கிற பேச்சாளர் எழுந்து நின்று ஊர் கேட்க அவர் பெயரைச் சொல்வார். பெனியாமினா? ஒன்றும் அனுப்பாத மகன். அந்தப் பெயர் அவனுக்கு ஆயுசுக்கும் போகாது. லோசியின் கடைக்கும் அத்தோடு பூட்டு.

சனிக்கிழமை காலை மாலோஃபியாவில் கூட்டத்தின் ஓரத்தில் வாவேயோடு நின்றாள். சபுலேவா வண்டி உள்ளே நுழைந்ததும் எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. பெட்டிகள் இறங்கின. பேச்சாளர் தடியை ஊன்றி எழுந்து, “சபுலேவாவின் துயிமாலோ அவர்கள் சமர்ப்பிக்கும்...” என்று ஆரம்பித்தார். லோசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“நிறுத்துப்பா!” பெரியவரின் குரல். “என் பேரைச் சொல்லாத. இது பெனியாமினா தன் அம்மாவுக்கு அனுப்பினது. சத்தமா சொல்லு, ஆக்லாந்து வரைக்கும் கேக்கட்டும். நான் வெறும் டிரைவர்.” பிறகு வண்டியின் முன் இருக்கையிலிருந்து பழைய பின்னல் பாய் ஒன்றை எடுத்து வந்து பெரியம்மாவின் காலடியில் வைத்தார். வழிவழியாக வந்த பாய்; சமோவாவில் அதைவிடப் பெரிய சீர் கிடையாது. “இது மட்டும் என்னோடது” என்றார். பிறகு அழுதுவிட்டார்.

யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து பெனியாமினா விம்முவது கேட்டது. மாலோஃபியாவின் துயிமாலோ, தான் உட்கார்ந்திருந்த பாயில் பக்கத்து இடத்தைத் தட்டினார்.

“டிரைவரைப் பசியோட அனுப்பினா அம்மா என்னைச் சும்மா விடமாட்டா. வந்து உக்காருடா.”

லோசி வாவேயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அப்பாடா!

திங்கட்கிழமை முதல் வேலையாக அட்டவணையைப் பிரித்து ஆளுக்கொரு நம்பர் கொடுத்தாள். முகம் தெரியாத அந்தப் புண்ணியவானுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அந்த வாரமே இரண்டு துயிமாலோக்களும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். இருவருக்கும் ஒரே சந்தேகம்: ஒன்றாம் நம்பர் யார்?

“ஒண்ணாம் நம்பர் எங்க வீட்டுப் பன்னி ஐயா. சரியா வேலை செய்யுதான்னு பார்க்க முதல்ல அதைத்தான் எழுதினேன்” என்றாள் லோசி.

இருவரும் நிம்மதியாகப் போனை வைத்தார்கள்.