சொரிமுத்துவுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் கூடுகிற வகையறாவுக்கு ஒரு வெப்சைட் செய்து தரச் சொல்லி, பெரியப்பா மகன் ஆவுடைநாயகம் கேட்டதும் ஆனந்தவள்ளி சரியென்றுவிட்டாள். கோயம்புத்தூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தும் அவள் புருஷனின் ஆட்கள், மகள் மகிழினியை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை. இங்கேயாவது பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்கட்டுமே என்பதுதான் அவள் ஆசை.

தென்காசி வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு உழைக்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை. எல்லோர் பெயருக்கும் ஒரே அட்டவணை, ஒரே டேபிள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக 'பெற்றவர்' என்று ஒரு கட்டம். அது அதே டேபிளில் இருக்கும் இன்னொருவரைக் காட்டும். இன்றைக்கு மகன் நாளைக்கு அப்பன், அவனுக்கு எதற்குத் தனி டேபிள்? அந்தக் கட்டம் காலியாக இருப்பவர் வம்ச மரத்தின் உச்சியில் நிற்பார். வகையறாவின் முதல் ஆள் சொரிமுத்துவுக்காகச் செய்த ஏற்பாடு அது. மேலே இருப்பவரை நீக்கினால் கீழே உள்ள அத்தனை பேரும் கூடவே போய்விடுவார்கள்.

மகிழினியைத் தன் பெயருக்குக் கீழே சேர்த்திருந்தாள். ஆவுடைநாயகம் போனில் வந்தான்.

"பெற்றவர்னு போடாத வள்ளி, அப்பன்னு போடு. பொம்பள வழியெல்லாம் சேத்தா எங்க போயி முடியும்?"

மாற்றினாள். மகிழினியின் அப்பன் இந்த டேபிளில் இல்லை. அவள் கட்டம் காலியானது. பெயரை அழிக்க மட்டும் ஆனந்தவள்ளிக்குக் கை வரவில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெப்சைட்டைப் பார்க்கக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் வகையறா கூடியது. திரையில் மரம் விரிந்தது. உச்சியில் சொரிமுத்து. அவருக்குப் பக்கத்திலேயே, சரிசமமாக, மகிழினி.

"இது யாரு, நம்ம முப்பாட்டனுக்குக் கூடப்பொறந்தவளா?" என்றார் ஒருவர். ஹாலே சிரித்தது. ஆனந்தவள்ளி லேப்டாப்பிலிருந்து நிமிரவில்லை.

"அந்தப் பிள்ள அவ அப்பன் வழில்லா. எடுத்துருதேன்" என்று ஆவுடைநாயகம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவசரத்தில் பக்கத்துப் பெயரில் டிக் விழுந்தது. இத்தனை பேரும் போய்விடுவார்கள், சம்மதமா என்று இங்கிலீஷில் நீளமாகக் கேட்டது. அதையெல்லாம் யார் படிப்பது? அழுத்தினான்.

திரையில் மகிழினி மட்டும் மிஞ்சினாள்.

"ஏ வள்ளி, எல்லாம் எங்கன போச்சு?"

"சொரிமுத்துவை எடுத்துட்டிய அண்ணே. அவருக்குக் கீழ உள்ளவங்களும் போயாச்சு. காலைல எடுத்து வச்ச பேக்கப் இருக்கு, நான்தான் திரும்பப் போடணும்."

ஹாலின் குரல் குழைந்தது. ஆச்சிமார் வந்து தோளைத் தொட்டார்கள். "நீ நம்ம பிள்ளல்லா. மகிழினியும் நம்ம பிள்ளதான்" என்றார் சிரித்தவரே. இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனையும் செய்தாள். அது இப்படியா வர வேண்டும்?

"மொதல்ல எல்லாத்தையும் போடு. அந்தப் பேர அப்பறமா எடுத்துக்கிடுவோம்" என்றான் ஆவுடைநாயகம், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக. அவள் காதில் விழுந்தது.

ஆனந்தவள்ளி எல்லோரையும் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு மகிழினியின் பெயரையும் தன் பெயரையும் டிக் செய்தாள். இங்கிலீஷில் கேட்டதை முழுக்கப் படித்துவிட்டு அழுத்தினாள்.

"நீங்க எடுக்க வேண்டாம்ணே. நானே எடுத்துட்டேன், எங்க ரெண்டு பேரையும்."

தங்கள் தங்கள் பெயர் வந்துவிட்டதா என்று எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.