இடைக்காலப் பிள்ளை

நந்தாவுக்கு நந்தா என்று பெயர் வந்ததற்குக் காரணம், எங்கோ தாஷ்கண்டில் ஒரு பெரிய மனிதர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததுதான்.

நந்தாவின் அப்பா ஆறுமுகச்சாமி சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். கட்சி கிட்சி என்று எதுவும் கிடையாது. அவருக்கு நாற்காலிதான் சாமி. பிரதமர் மாறினால் அலுவலகச் சுவரில் படத்தை மாற்றுவது அவர் வேலை. ஸ்டூலில் ஏறிப் பழைய படத்தை இறக்கித் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். முன்னறைச் சுவரில் அவர்கள் எல்லாரும் வரிசையாகத் தொங்கினார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பெண்டாட்டி கோமதியம்மாளுக்கே தெரியாது. ஆனால் யார் எந்தத் தேதியில் பதவி ஏற்றார், எந்தத் தேதியில் இறங்கினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலும் அதே சட்டம்தான். பிறக்கும் நேரத்தில் யார் பிரதமரோ அவர் பெயர். அறுபத்திரண்டில் பிறந்த மூத்தவன் ஜவகர். இரண்டாவது வயிற்றில் இருக்கும்போதே ஆணாக இருந்தால் லால்பகதூர் என்று முடிவாகிவிட்டது. கோமதியம்மாள் வயிற்றைத் தடவிக்கொண்டு 'லாலு, லாலு' என்று கூப்பிடவும் தொடங்கிவிட்டாள். அறுபத்தாறு ஜனவரி பதினொன்றாம் தேதி சாஸ்திரி காலமானார். பதின்மூன்றாம் தேதி, தைப்பொங்கலுக்கு முதல் நாள் பிள்ளை பிறந்தது. அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் குல்சாரிலால் நந்தா. இடைக்காலப் பிரதமர். அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்வரை பதின்மூன்றே நாள்.

"செத்துப்போன புண்ணியவான் பேரையே வையுங்களேன்" என்று கோமதியம்மாள் அழுதாளாம்.

"அதெப்படி? பிறந்தன்னைக்கு நாற்காலில யாரு இருக்காகளோ அவுக பேருதான். மூத்தவனுக்கு ஒரு சட்டம், இவனுக்கு ஒரு சட்டமா?" என்றாராம் ஆறுமுகச்சாமி.

அந்தப் பதின்மூன்று நாளுக்கு யார் படம் அச்சடித்து அனுப்புவார்கள்? சாஸ்திரிக்கும் இந்திராவுக்கும் நடுவே ஆறுமுகச்சாமி ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்தார். கோமதியம்மாள் அதில் மாதக் காலண்டரை மாட்டிக்கொண்டாள். எழுபத்தெட்டில் காலம் தப்பிப் பிறந்த கடைக்குட்டிக்கு மொரார்ஜி என்று பெயர். ஊர் சிரித்தது. அவனுக்காவது சுவரில் ஒரு படம் இருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். நந்தாவால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அவனை 'இடைக்காலம்' என்றே கூப்பிட்டார். வீட்டிலோ பெயருக்கேற்ற வேலைதான் வாய்த்தது. ரேஷன் வரிசையில் ஜவகர் வரும்வரை நந்தா நிற்பான். பஸ்ஸில் ஜவகருக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருப்பான். அண்ணன் ஏறியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் அழுதுகொண்டு வந்து நின்றபோது அப்பா அவனை மடியில் இருத்திக்கொண்டார்.

"ஏலே, உம்பேருக்காரரு ஒரு தடவ இல்லலே, ரெண்டு தடவ உக்காந்தாரு. நேரு போனப்பவும் அவருதான், சாஸ்திரி போனப்பவும் அவருதான். நாட்டுல நாற்காலி ஒரு நாளுகூட சும்மா கிடக்கக் கூடாது பாத்துக்கோ. உக்காருதது பெருசில்ல மக்கா. வரவேண்டிய ஆளு வந்ததும் முணுமுணுக்காம எந்திரிச்சாரு பாரு, ரெண்டு தடவையும். அதுக்குத்தான் மனசு வேணும்."

பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். எழுந்திருக்கத்தான் அவனைப் பழக்குகிறோம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

ஜவகர் படித்து டெல்லிக்குப் போனார். மத்திய அரசு உத்தியோகம், அங்கேயே வீடு வாசல், ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே. "எம்மவன் பிரதமர் இருக்கிற ஊர்ல இருக்கான்" என்று ஆறுமுகச்சாமி டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை. மொரார்ஜி திருப்பூருக்குப் போனான். நந்தா சங்கரன்கோவிலிலேயே விசைத்தறியில் வேலைக்குச் சேர்ந்து, தறிச் சத்தத்தில் காது பாதி மந்தமாகி, அப்பாவும் அம்மாவும் இருந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அம்மா இறந்தபோது மொரார்ஜி கொள்ளி வைத்தான். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பதுதானே வழக்கம். நடுப்பிள்ளைக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. அன்று இரண்டு தம்ளர் காப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்த நந்தாவை ஒருவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா விழுந்தார். ஆறு வருடம் படுக்கை. குளிப்பாட்டுவதும், துடைப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பதும், கஞ்சியை ஸ்பூனில் ஊட்டுவதும் நந்தாதான். பெண்டாட்டி பாலம்மாள் கைகொடுக்க வந்தாலும் விடமாட்டார். இரவு ஷிப்டை விட்டார், பிறகு தறியையே விட்டார். அப்பாவோ வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார்.

"ஜவகரு வந்துட்டானா?"

"வருவாகப்பா. வாயத் தொறங்க."

ஒரு நாள் பாலம்மாளிடம் மட்டும் நந்தா சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆசை. அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கணும். எல்லாம் செஞ்ச கையி இது. கடைசியா அத மட்டும் இன்னொருத்தன் வந்து செய்யுததுன்னா மனசு ஆறலட்டி." சொல்லிவிட்டு உடனே வெட்கப்பட்டுப் போனார். தகப்பன் சாவை முன்வைத்து ஆசைப்படுகிறோமே என்று அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழி கடைசியில் ஒரு விடியற்காலையில் ஆறுமுகச்சாமி அடங்கினார். ஜவகருக்குப் போன் போட்டதும் அந்தப் பக்கம் ஓவென்று அழுகை. "நான் வராம எடுத்துராதலே" என்றார். ஐஸ் பெட்டி வந்தது. மொரார்ஜி குடும்பத்தோடு வந்து இறங்கினான். சுவரிலிருந்த பிரதமர்களின் பார்வையில் ஆறுமுகச்சாமி கண்ணாடிக்குள் படுத்திருந்தார்.

டெல்லியில் பனிமூட்டம். விமானம் எதுவும் கிளம்பவில்லை. முதல் நாள் அப்படியே போயிற்று. இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு ஜவகர் போனில் உடைந்த குரலில் சொன்னார். "இன்னும் ஏர்போர்ட்லதான் கிடக்கேன். எப்பக் கிளம்பும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். அப்பாவ இன்னும் வச்சிருக்கப்படாது. நந்தா, நீயே வச்சிரு."

அப்பாவின் தம்பி இசக்கித்துரைக்கு எண்பது வயது. இந்த மாதிரிக் காரியங்களில் அவர் வாக்குத்தான் முடிவு. அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "மூத்தவன் இல்லன்னா அடுத்தவன். பொழுது சாயதுக்குள்ள எடுத்திருவோம்" என்றார்.

நந்தா தலையை மட்டும் ஆட்டினார். கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். துக்கத்தில் அழுதாரா, கிடைத்துவிட்டதே என்று அழுதாரா என்றால் அவருக்கே பதில் தெரியாது. இரண்டும்தான்.

நீர்மாலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தார். கடைசி முறையாக அப்பாவைக் குளிப்பாட்டினார். எப்போதும் வெந்நீருக்குச் சூடு பார்ப்பதுபோலவே தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஊற்றினார். கூட்டத்தில் இரண்டொரு பெண்கள் அதைப் பார்த்து விம்மினார்கள்.

ஈர வேட்டியோடு தீச்சட்டியைத் தூக்கக் குனிந்தபோது, இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. வாசலில் பறையும் சங்கும். நந்தா மாட்டுத் தொழுவத்தின் பக்கம் ஒதுங்கிக் காதில் வைத்தார்.

"ஏலே, மதுரையில இறங்கிட்டேன். திடீர்னு ஏத்திவிட்டுட்டான், சொல்ல நேரமில்ல. கார் எடுத்துட்டேன். ரெண்டரை மணி நேரம். எப்படியும் வந்திருவேன். எடுத்துட்டியளா?"

தறிக்கூடத்தில் பாதி போன காது அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் விடாமல் கேட்டுத் தொலைத்தது. "கூப்பிடுதாக, வைக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். யாருக்கும் தெரியாது. தெரியவே போவதில்லை. சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னால் ஜவகரே நம்புவார். நந்தா தீச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சுடுகாட்டில் நாவிதர் அவருக்கு மொட்டை அடித்தார். மீசையும் போயிற்று. உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டார்கள். அடுக்கிய விறகின்மேல் அப்பாவைக் கிடத்தி, முகத்தை மட்டும் விட்டு வறட்டி வைத்து மூடினார்கள். நந்தாவின் தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்கள். மேற்கே வெயில் தணிந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று வந்தார். நாவிதர் குடத்தில் ஓட்டை போட, தண்ணீர் முதுகில் வழிந்தது. இரண்டாம் சுற்றில் நடக்க நடக்க, 'ஜவகரு வந்துட்டானா, ஜவகரு வந்துட்டானா' என்று ஆறு வருடமாகக் கேட்ட குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தது. நந்தா நின்றுவிட்டார்.

"என்னலே, நட" என்றார் இசக்கித்துரை.

"சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க. அண்ணன் வந்துக்கிட்டு இருக்காக. மதுரையில இறங்கிட்டதா போன் வந்துச்சு."

"எப்ப?"

"வீட்டுல இருந்து கிளம்பும்போதே."

இசக்கித்துரைக்குக் கோபம் தலைக்கேறியது. "கூறுகெட்ட பயலே! அப்பமே சொல்லதுக்கு என்ன? மொட்டையும் அடிச்சு, கொடமும் ஒடச்சுக்கிட்டு இருக்கையில சொல்லுத?" மொரார்ஜி பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நந்தா குடத்து ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் 'பரவாயில்ல நந்தா, நீயே முடிச்சிரு' என்று சொல்லியிருந்தால் முடித்திருப்பார். ஒருவரும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, வெளிச்சம் மங்கும்போது கார் வந்தது. ஜவகர் பேன்ட்டும் ஸ்வெட்டருமாக இறங்கி ஓடி வந்தார். மூடியிருந்த வறட்டிக்கு வெளியே அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலை நிமிர்ந்து தம்பியின் மொட்டையைப் பார்த்தார்.

"நீயே வைலே. எல்லாம் நீதானே பாத்த. நீயே வையி."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் இசக்கித்துரை, "மூத்தவன் கண்ணு முன்னால நிக்கான், அவன விட்டுட்டு எப்படி? ஊரு என்ன பேசும்?" என்று குறுக்கே வந்தார்.

ஜவகர் தம்பியின் முகத்தையே பார்த்தார். நந்தா கட்டியிருந்த கோடித் துண்டை அவிழ்த்து அண்ணன் தோளில் போட்டார். "நீங்க வைங்கண்ணே. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக."

ஜவகருக்கு அவசரமாக மொட்டை அடித்தார்கள். வேட்டி கட்டிவிட்டார்கள். புதுக் குடம் ஒன்று பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. மூன்று சுற்று முடிந்து குடம் உடைந்தது. நந்தா கூட்டத்துக்குள் வந்து மொரார்ஜிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். முதுகில் வழிந்த தண்ணீர் காயாமல் பனிக்காற்றில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மொரார்ஜி தன் துண்டை எடுத்து அவர்மேல் போர்த்தினான்.

முகத்தையும் மூடினார்கள். எரியும் கட்டையை ஜவகர் கையில் கொடுத்து, "திரும்பி நின்னு, பாக்காம வையி" என்றார் இசக்கித்துரை. ஜவகர் முதுகைக் காட்டி நின்றார். அழுதுகொண்டே, எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் பின்னால் தடவித் தடவி, இடுப்புக்கு நேராகக் கட்டையைக் கொண்டுபோனார்.

நந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அங்கன வேண்டாம்ணே. இடது இடுப்புல புண்ணு இருக்கு. படுத்துப் படுத்து வந்தது. இப்பத்தான் ஆறிக்கிட்டு வந்துச்சு. பட்டா அப்பா தாங்க மாட்டாக."

நந்தா அந்தக் கையைப் பிடித்தபடியே மெதுவாக நெஞ்சுப் பக்கம் நகர்த்திக் காட்டிவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார். ஜவகர் அங்கே கொள்ளி வைத்தார்.