நப்லாவின் இரண்டாம் தையல்

மூத்தவள் ஸஹ்ரா வயிற்றை வெட்டி எடுக்கும் சீசரில் பிறந்தபோது, ஐந்தாம் நாளே நப்லாவின் தையல் சீழ் பிடித்துவிட்டது. மூன்று கிழமை ஆஸ்பத்திரிக் கட்டில்தான். இரண்டாவது பிள்ளைக்கும் சீசர் என்று திகதி குறித்ததும், கிண்ணியாவில் வீடு தேடி வந்த மருத்துவமாது நிரோஜினியிடம் அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"மிஸ்ஸி, இந்த முறையும் அப்படி ஆகுமா?"

"ஆகாமப் பாப்பம். போன முறை வீட்டில பிளேட்டால முடிய வழிச்சிட்டா போனீங்க?"

நப்லாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "ஓம். சுத்தமாப் போகோணும் எண்டுதான்."

"அது வேணாம். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள்ளால கிருமி போயிரும். தேவையெண்டா அங்க மெசினால வெட்டுவாங்க. நீங்க சவுக்காரம் போட்டு நல்லாக் குளிச்சிட்டுப் போங்க. வயித்த வெட்ட முந்தி கிருமிக்கு ஒரு ஊசி போடுவாங்க."

அந்த ஊசி நப்லாவின் மனதில் ஒட்டிக்கொண்டது. குறித்த நாளில் கணவன் சஜீத் ஓட்டோவில் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சத்திரசிகிச்சை மேசையில் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தபடி, "டொக்டர், கிருமி ஊசி போட்டாச்சா?" என்று கேட்டாள்.

முகமூடிக்கு மேலே டொக்டரின் கண்கள் சிரித்தன. "போட்டாச்சு அம்மா. கேட்டது நல்லதுதான்."

சற்று நேரத்தில் ஒரு குரல் அந்த அறையையே கிழித்தது. மகன்! நப்லா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

வீடு வந்ததும் சஜீத் கேற்றடியில் வாளித் தண்ணீரும் சவுக்காரமும் வைத்துவிட்டான். கை கழுவாமல் ஒருவருக்கும் பிள்ளையைத் தூக்கக் கிடைக்காது. மாமி ரபீக்காவும் கழுவித்தான் உள்ளே வந்தார். கையில் ஒரு எண்ணெய்ப் போத்தல்.

"தையலுக்குத் தடவு புள்ள, கெதியா ஆறும்."

"மாமி, ஒண்டும் பூச வேணாம், காஞ்சபடியே இருக்கட்டும் எண்டு மிஸ்ஸி சொன்னவ."

மாமி கொஞ்சம் யோசித்தார். "சரி, என்ட முழங்காலுக்கு ஆகும்," என்று அங்கேயே இருந்து தடவத் தொடங்கினார்.

பத்தாம் நாள் நிரோஜினி வந்து பார்த்தாள். "சிவப்பில்ல, வீக்கமில்ல, கசிவுமில்ல. நல்லாப் பொருந்தியிருக்கு!"

மாமி குசினிக்கு ஓடி வட்டிலப்பம் வெட்டிக்கொண்டு வந்தார். நிரோஜினி இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மகன் குட்டி நஸ்ரியைத் தோளில் போட்டுக்கொண்டு, நப்லாவே கேற்றுவரை நடந்துபோய் அவளை வழியனுப்பினாள்.