மஞ்சள் கோடு

கலங்கரை விளக்கத்தடியில் தொடங்கி, நான்கு நாள் நடையில் உள்நாட்டுக் காட்டில் போய் முடியும் பாதை அது. வழியெங்கும் மரம், பாறை, கம்பம் எதையும் விடாமல் சாண் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோடுகளைப் போட்டு வருபவர் பெயிண்டர். கடைகளுக்குப் போர்டு எழுதுவதுதான் அவர் பிழைப்பு என்றாலும், மழைக்காலம் முடிந்ததும் நடைச் சங்கத்துக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு டின் எனாமல், இரண்டங்குல பிரஷ், தகரத்தில் வெட்டிய அச்சு, டர்பன்டைன், கந்தல் துணி. இத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு கடலோரத்திலிருந்து கிளம்புவார். போகப் போக ஏற்றம் கூடும். டின்னும் இளைத்துக்கொண்டே வரும் என்பதால் கணக்குச் சரியாகிவிடும். மரத்தை நெருங்குவார், துடைப்பார், அச்சை வைப்பார், இரண்டு இழுப்பு இழுப்பார், அடுத்த மரத்துக்கு நடையைக் கட்டுவார். காட்டின் கோடியில் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் சங்கத்துக்கு ஒரு புகார் வந்தது. காட்டுப் பக்கமிருந்து நடந்து வந்த ஒருவர், ஒரு நாள் முழுக்கக் கோடே கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தார். பெயிண்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்காசைப் போட்டு, கலங்கரை விளக்கத்திலிருந்து நான்கு நாளும் மறுபடி நடந்து பார்த்தார். எல்லாக் கோடும் பளிச்சென்று இருந்தது. புகார் எழுதியவர் நல்ல கண் டாக்டராகப் பார்ப்பது உத்தமம் என்று பதில் எழுதிப் போட்டார்.

அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றார். சட்டை கைக்கு வந்ததும் முதல் வேலையாக உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போடுவார். வெளியே பார்த்தால் எல்லாச் சட்டையும் யோக்கியம்தான் என்பது அவர் கட்சி. பார்த்து முடித்து ஒரே ஒரு சொல் சொல்வார்: தேறும், அல்லது தேறாது. கணவர் எழுதிய போர்டுகளுக்கும் அதே இரண்டு சொல்தான். முதல் சொல்லைக் கேட்டதாகப் பெயிண்டருக்கு ஞாபகமில்லை. போர்டுகளைக் காட்டுவதையே அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

இந்த வருஷம் தானும் அந்தப் பாதையைப் பார்க்க வேண்டும் என்றார் மனைவி. கூட வா என்றார் பெயிண்டர். அவர் பின்னாலேயே நான்கு நாள் நடப்பதற்குத் தனக்குப் பொறுமை இல்லை என்று மனைவி சொல்லிவிட்டார். காட்டுக் கோடிக்குப் பஸ்ஸில் போய் இறங்கி எதிர்த் திசையில் ஒரு நாள் நடப்பார். மூன்றாம் நாள் சாயங்காலம் பெயிண்டர் தங்கும் ஓய்வுக் குடிலில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

"கோட்டைப் பார்த்துட்டே வா. சின்னக் குழந்தைகூட வழி தப்பாது," என்று பெயிண்டர் உறுதி சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்று மணிக்கு வர வேண்டியவர் நாலரைக்கும் வரவில்லை. காட்டுக்குள் போன் எடுக்காது. குடில் காவலர், பெண்கள் நின்று நிதானித்துத்தான் வருவார்கள் என்று ஆறுதல் சொன்னார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய் வந்த பெயிண்டருக்கு அந்த ஆறுதல் எரிச்சலாக இருந்தது. டின்னையும் பிரஷையும் பழக்க தோஷத்தில் தூக்கிக்கொண்டு காட்டை நோக்கி நடந்தார்.

ஒவ்வொரு மரத்திலும் போன வருஷத்துக் கோடு கொஞ்சம் வெளுத்து, ஆனால் தெளிவாக, அவரைப் பார்த்து நின்றது. இதைப் பார்த்து ஒருத்தி எப்படி வழி தவற முடியும் என்று முணுமுணுத்தபடியே நடந்தார். அரை மணி நேரம் போனதும் பாதை மூன்றாகப் பிரியும் இடம் வந்தது. ஒருவேளை வேறு தடத்தில் தன்னைத் தாண்டிப் போயிருப்பாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

வந்த வழியில் ஒரு கோடுகூட இல்லை. வெறும் மரங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தக் காட்டை இந்தப் பக்கமாகப் பார்த்ததே இல்லை. சங்கத்துக்கு எழுதிய பதில் ஞாபகம் வந்தது. பிறகு, காலையிலிருந்து இந்த வெறும் மரங்களுக்கு நடுவே தனியாக நடக்கும் மனைவியின் ஞாபகம் வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வீட்டில் "இந்தா" என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அந்தப் பெயர் புதிதாக இருந்தது.

மூன்றாம் முறை கத்தியபோது வளைவுக்கு அப்பாலிருந்து, வந்துகொண்டிருப்பதாகவும் காட்டைக் கூட்ட வேண்டாம் என்றும் பதில் வந்தது.

மனைவி வந்த விதம் வேடிக்கையாக இருந்தது. ஒரு மரத்தைத் தாண்டுவார், நிற்பார், கழுத்தைத் திருப்பி மரத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்கு வருவார். முழங்கையில் சிராய்ப்பு, செருப்பெல்லாம் சேறு. பெயிண்டருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டு மணி நேரம் ஓடைப் பக்கம் சுத்தினேன்," என்றார் மனைவி. "அப்புறம் உக்காந்து யோசிச்சேன். நீங்க வேலையை விடுற ஆளு இல்லை. அப்ப கோடு இருக்கணும். பார்த்தா, மறுபக்கம் இருக்கு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பத்தொரு வருஷமா உங்க முதுகைத்தானே பார்த்துட்டு இருக்கேன். போனா திரும்பிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு எப்ப இருந்துச்சு?" குரலில் கோபம் இல்லை. சட்டையில் விட்டுப்போன தையலைக் காட்டும் குரல்தான்.

பெயிண்டர் டின்னைத் திறந்தார். அருகிலிருந்த மரத்தின் காட்டுப் பக்கத்தைத் துடைத்தார். அச்சு குடிலிலேயே தங்கிவிட்டதால் வெறுங்கையால் இழுத்தார். கோடு லேசாகக் கோணியது. மனைவி பத்தடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"தேறும்," என்றார்.

குடிலுக்கு இன்னும் அரை மணி நேர வழி இருந்தது. வெளிச்சமும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நீ முன்னாடி போ," என்றார் பெயிண்டர். "எங்க வழி புரியாம நிக்கிறியோ, அங்க நான் போடுறேன்."

மனைவி முன்னால் நடந்தார். வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துத்தான் அவர் நடக்கிறார். இது இன்றைக்கு வந்த வலியா, பல வருஷமாகவே இருப்பதா என்று பெயிண்டருக்குத் தெரியவில்லை. இரண்டாவது மரத்தருகே அவர் தயங்கி நின்றதும், பெயிண்டர் அதைத்தான் முதலில் கேட்டார்.