மஞ்சள் சட்டைக்காரருக்கு ஓர் இருக்கை

1

இந்தக் கதை எனக்குப் பல்வலியில் கிடைத்தது. வாயைப் பிளந்து மல்லாக்கப் படுத்திருந்தேன். பல் டாக்டரம்மா என் கடைவாயில் எதையோ குடைந்துகொண்டே, தான் ஒரு படகு செய்யச் சொல்லியிருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நிலையில் "ஆ" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்க முடியாது. அதனால் கதையில் ஓட்டைகள் உண்டு. அவற்றை அடைத்தது நான். என் பல்லை அடைத்தது அவர்.

2

முதல் வரி அமைய மறுக்கிறது. எழுதிப் பார்த்தவை:

காலை வெயில் கடையின் கண்ணாடியில் பட்டு— (வேண்டாம். வெயில் எல்லாக் கதையிலும் எதன் மீதாவது படுகிறது.)

கடல் அன்றைக்கு— (இந்தக் கதையில் கடலே வராது. படகு மட்டும்தான், அதுவும் இன்னும் கட்டாத படகு.)

சரி, கடையிலிருந்தே போகலாம். கேட்பவர் விருப்பப்படி படகு வடிவமைத்துத் தரும் கடை. நடத்துவது ஓர் அண்ணனும் தங்கையும். தங்கை கணினியில் படம் செய்வார்: கட்டாத படகைக் கட்டி முடித்துத் தண்ணீரில் விட்டதுபோல் பெரிய திரையில் காட்டுவார். அண்ணன் அதே படகை மெல்லிய மரத்தில், மேசையில் வைக்கும் அளவுக்குச் செய்வார். வாடிக்கையாளர் திரையைப் பார்த்து, குட்டிப் படகையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சரி" என்று சொல்லிவிட்டால் வரைபடம் படகு கட்டும் தளத்துக்குப் போய்விடும். தளம் வேறு ஊரில் இருக்கிறது.

அதாவது, "சரி" சொன்ன வாடிக்கையாளருக்கு அப்புறம் இந்தக் கடையில் வேலையில்லை. இதை நினைவில் வையுங்கள். அண்ணனுக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

3

டாக்டர் கேட்டது ஒரே ஓர் ஆள் போகும் படகு.

"எனக்கு மட்டும். நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே இருக்கேன். ஞாயித்துக்கிழமையாவது யாரும் வாயத் திறக்காத இடமா போகணும்."

படகில் சின்ன அறை ஒன்று, அதற்கு ஒரு சன்னல். முதலில் வட்டச் சன்னல் கேட்டார். அடுத்த வாரம் வந்து சதுரம் என்றார். அதற்கடுத்த வாரம் வட்டமே தேவலை என்றார்.

"அண்ணா, இவங்க நம்மள வச்சு விளையாடுறாங்க," என்றார் தங்கை. "ஒரு சன்னல மாத்தினா படம் பூராவும் மறுபடி செய்யணும்."

"பரவால்ல, மாத்திடலாம்."

"திரும்பவுமா?"

"நல்லாத்தான சொல்றாங்க."

இதே அண்ணன், சுக்கானுக்கு நிறம் மாற்றச் சொன்ன ஒருவரிடம், "நீங்க பேசாம ஒரு குளியல் தொட்டி வாங்கிக்குங்க" என்று சொல்லி அனுப்பியவர்.

[வாசகரே, உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் படுத்த படுக்கையிலேயே புரிந்துவிட்டது. "ஆ!" என்றேன். "வலிக்குதா?" என்றார் டாக்டர்.]

4

அண்ணனை எழுதும்போது எனக்கே சந்தேகம். நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு இவ்வளவு கூச்சமா? ஒரு வரைவில் அவரைக் கவிதை சொல்ல வைத்தேன், சகிக்கவில்லை. இன்னொன்றில் மீசையை முறுக்க வைத்தேன், தங்கையே சிரித்துவிட்டார். கடைசியில், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்பார்களே, அப்படியே விட்டுவிட்டேன்.*

* பல் டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான வரன் கிடைக்காது என்று எழுதினேன், அடித்தேன், இதோ மறுபடி எழுதிவிட்டேன்.

5

படகு எவ்வளவு பெரிது என்று புரிவதற்காக உள்ளே ஓர் ஆளை நிறுத்திக் காட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். தங்கை எல்லாப் படத்திலும் அண்ணனையே நிறுத்துவார்: மஞ்சள் சட்டை, முதுகைக் காட்டி நிற்கும் ஆள். ஒருமுறை அளவெடுத்து வைத்தது, சம்பளம் கேட்காது. அண்ணன் தன் குட்டிப் படகில் கண் மூக்கு இல்லாத ஒரு பொம்மையை நிறுத்துவார். எல்லோரும் படகைத்தான் பார்ப்பார்கள், ஆளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அண்ணனும் தங்கையும் திரை ஆளையும் பொம்மையையும் ஒப்பிட்டுப் பார்த்ததே கிடையாது.

இந்த முறை அண்ணனின் கை அதன் போக்கில் போய்விட்டது.

நான் பல்லைக் காட்டப் போனதற்கு முந்தின நாள் டாக்டர் கடைக்கு வந்தார். "இன்னைக்கு முடிச்சுடலாம். வட்டமாவே இருக்கட்டும்," என்றார். அண்ணனின் முகம் தொங்கிப்போனது. ஆனால் டாக்டர் "சரி" என்ற சொல்லை இன்னும் சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் படகுல யாரு இது?"

"சும்மா அளவுக்கு நிக்க வைக்கிற ஆளு மேடம். எங்க அண்ணன்தான்," என்றார் தங்கை.

டாக்டர் மேசைப் பக்கம் குனிந்தார். குட்டிப் படகில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடது தோளில் பை. கொண்டையில் செருகிய பேனா. டாக்டர் கையைத் தூக்கித் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பேனா இருந்தது.

"அப்ப இது?"

"அதுவும்... அளவுக்குத்தான்," என்றார் அண்ணன்.

"யாரோட அளவுக்கு?"

வெண்ணெய் திரண்டு வரும் நேரம். தாழியை உடைக்கத் தங்கை வந்து சேர்ந்தார். "அய்யோ, மன்னிச்சுக்குங்க மேடம்! ஒரு ஆள் படகுல ஆளு மாறிப்போச்சு. இப்பவே எடுத்துடுறேன்." ஒரே சொடுக்கு. திரையில் மஞ்சள் சட்டை காணாமல் போனது.

(அடிப்பாவி! "ஆ!" "இன்னும் வலிக்குதா? இன்னொரு ஊசி போடவா?")

"அவரத் திருப்பி வைங்க," என்றார் டாக்டர்.

தங்கை வைத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதையோ கீழே போட்டுவிட்டவர்போல மேசைக்கு அடியில் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மேசை மட்டும் குலுங்கியது.

டாக்டர் அண்ணனிடம் கேட்டார். "பக்கத்துல இன்னொரு இருக்கை போட்டா படகு சாயுமா?"

இந்த இடத்தில் அண்ணன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம்போல இருந்தது எனக்கு. மனிதர் தொழில் சுத்தமாகப் பதில் சொன்னார்: "சாயாது. ஆனா எடை பாக்கணும்."

"யாரோட எடை?"

6

"கொப்பளிச்சுத் துப்புங்க," என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். மரத்துப்போன வாயால் "அப்புறம்?" என்றேன். என்ன வந்து விழுந்ததோ, துடைத்துக்கொள்ளக் காகிதம் நீட்டினார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். என் பல் சரியாகிவிட்டது. இனி அங்கே போக எனக்கும் காரணமில்லை. (தினமும் இனிப்புத் தின்று பார்க்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை.)

7

முடிவு ஒன்று: அண்ணன் "என் எடைதான்" என்கிறார். நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் சொல்லமாட்டார்.

முடிவு இரண்டு: "கணக்குப் பண்ணிச் சொல்றேன்" என்கிறார். டாக்டர் அடுத்த வாரமும் வருகிறார். சன்னல் மறுபடி சதுரம். இப்படியே இருவருக்கும் தலை நரைக்கிறது. (தங்கை இதை ஒப்புக்கொள்ளவில்லை. கடையை இழுத்துப் பூட்டிவிடுவாராம்.)

முடிவு மூன்று: டாக்டர் "சரி" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி— இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை வைத்தது நான். அண்ணனின் பென்சில் டப்பாவில், பஞ்சுக்கு நடுவே, மஞ்சள் சட்டை போட்ட குட்டி ஆள் ஒருவர் இருக்கிறார். வட்டச் சன்னல் முதல் தடவை சதுரமான வாரத்தில் அண்ணன் செதுக்கியது. படத்தில் இருப்பதுபோல நிற்கிற ஆள் இல்லை. முழங்கால் மடித்து உட்கார்ந்திருக்கிற ஆள். படகில் அப்போது அவருக்கு இருக்கையே கிடையாது.

அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. எனக்கும்தான், சந்தோஷத்தில். இவ்வளவு நேரம் இந்தப் பக்கத்தை ஆடாமல் பிடித்திருக்கும் உங்கள் கையைத்தான் நம்புகிறேன். டப்பாவைத் திறந்துவிட்டேன், இந்தாருங்கள். குட்டிப் படகில் போட்ட புது இருக்கையில் பசையும் தடவியாயிற்று. வைப்பதும் மூடுவதும் உங்கள் இஷ்டம்.

வைத்தால், பசை பிடிக்கும்வரை விரலை எடுக்காதீர்கள்.