கழற்றிப் படம் அனுப்பவும்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து வந்தது. பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு வலைத்தளத்தில், எதையும் வாங்கும் உத்தேசமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம். இப்படிப்பட்டதை மேசைமேல் துணி விரித்து, விளக்கு வைத்துப் படமெடுப்பார்கள். இது ஒரு வயதானவரின் மணிக்கட்டில் கிடந்தது. கீழே ஒரே வரி: “அப்பாவுடையது. ஓடுகிறது.” மறுநாள் தேடினேன், விளம்பரத்தைக் காணோம். விற்றுப்போயிற்றா, எடுத்துவிட்டார்களா, தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள்தான் கதை எழுத வருகிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “காலம் என்பது ஒரு

அதை அங்கேயே விட்டுவிட்டேன். கடிகாரத்தைப் பற்றிய கதையைக் காலத்தில் தொடங்குகிறவனை எத்தனை திட்டினாலும் தகும்.

2

வாங்குகிறவர் ஒருவர் வேண்டுமே. வங்கி அதிகாரி என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் போவதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரை உட்காரவைத்தேன். ஏன் கண்ணாடிக்கடை என்று அப்போது கேட்டிருந்தால் சும்மா தோன்றியது என்றிருப்பேன். பெயர் வேண்டாம், கண்ணாடிக்காரர் போதும். தான் பிறந்த வருடத்தில் செய்த கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர். பழைய டயலுக்கு அடியில் புது மெஷினை வைத்து யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து ஏகப்பட்ட சட்டங்கள். ரொம்ப மலிவாகச் சொன்னால் போலி, ரொம்ப ஏற்றிச் சொன்னால் கொள்ளை. பளபளவென்றிருந்தால் பாலிஷ் போட்டு எதையோ மறைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே ஒன்று: விற்கிறவர் ஒரு தாளில் கண்ணாடிக்காரர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்ப வேண்டும். எங்கிருந்தோ சுட்ட படத்தை வைத்து விற்கிறவனால் அது முடியாது.

“மணி பாக்க ஃபோன் இருக்கு. லேட்டா வந்தா சொல்றதுக்கு நான் இருக்கேன். இது வேற எதுக்கு?” என்றாள் அவர் மனைவி.

“இது அசல்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

3

விற்பது அந்த வயதானவரின் மகள். துணி வெளுத்துத் தரும் கடையில் முன்மேசையில் நின்று சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. அப்பா படுக்கையில். கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் போய் இது எவ்வளவு பெறும் என்று கேட்டாள். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் விளம்பரத்தில் போட்டாள். கண்ணாடிக்காரர் விலையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதம் தேடியதில் முதல்முறையாக ஒரு நியாயமான விலை.

தாளும் தேதியும் வைத்த படம் வந்தது. தாளுக்குப் பக்கத்தில் ஒரு கை, கையில் கடிகாரம்.*

“பின்மூடியில் உள்ள எண் தெரிய வேண்டும். கழற்றிப் படம் அனுப்பவும்” என்று எழுதினார்.

“கழட்ட முடியாதுங்க.”

“ஏன்?”

“அப்பா கையில இருக்கு.”

கண்ணாடிக்காரர் தனக்குள் சிரித்துக்கொண்டார். பின்பக்கத்தைக் காட்ட மறுத்தால் கோளாறு அங்கேதான். அவருடைய சட்டங்களில் இதுவும் ஒன்று.

(* அந்தக் கையை அவர் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி டயலைத்தான் பார்த்தார். கை படத்துக்கு வெளியே போய்விட்டது.)

4

இதுவரை எழுதியதைத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். என் கதைகளையும் எங்கே விரிசல் என்று பார்க்கிற பார்வையில்தான் படிப்பாள்.

“எதுக்குண்ணா விக்கறா?”

“பணத்துக்கு.”

“பணம் எதுக்கு?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.

“காத்து மெத்தை வாங்கணும்னு போடு. படுத்தே கெடந்தா முதுகுல புண்ணு வரும். அந்த மெத்தையில காத்து மாறி மாறி ஏறும், ஒரே எடம் அழுந்தாது. வெல ஜாஸ்தி. நாம லேட்டாத்தான் வாங்கினோம்.”

நாம என்றாள். வாங்கியது அவள். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

“அப்புறம், கை மெலிஞ்சு போயிருக்கும். வாருல புதுசா ஒரு ஓட்டை போட்டிருப்பா. அதையும் எழுது.”

எழுதிவிட்டேன். படத்தில் அந்த ஓட்டை இருந்தது. கண்ணாடிக்காரர் அதையும் ஒரு குறை என்று குறித்துக்கொண்டார்.

5

அவர் லேசில் விடவில்லை. பின்பக்கம் பார்க்காமல் பணம் அனுப்ப முடியாது என்றார். மகள் இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு மதியம் அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வாரை மெல்ல அவிழ்த்து, போர்வையின் மேலேயே கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துப் படமெடுத்தாள்.

எண் சரியாக இருந்தது. வருடம் சரி. மூடியில் யாரும் கைவைத்த அடையாளம் இல்லை. அசலேதான். கண்ணாடிக்காரர் இன்னொருமுறை ரசித்துப் பார்க்கலாம் என்று படத்தை முழுசாக விரித்தார். ஓரத்தில் அந்த மணிக்கட்டு இருந்தது. கடிகாரம் இருந்த இடம் மட்டும் பட்டையாக வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் மேல் கிழவரின் இன்னொரு கையின் விரல்கள் தடவிக்கொண்டிருந்தன. படம் கொஞ்சம் ஆடியிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்:

“சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க. முழிச்சுட்டாரு. தேடுறாரு.”

உயிரோடு இருப்பவரின் கையிலிருந்து தான் கழற்றச் சொல்லியிருக்கிறோம் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கட்டிவிட்டுடுங்க” என்று எழுதினார்.

6

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

அ) கண்ணாடிக்காரர் வேண்டாம் என்று விலகிவிடுகிறார். மனச்சாட்சி சுத்தமாகிவிட்டது. “அப்போ மெத்தை?” என்றாள் தங்கை. அடித்துவிட்டேன்.

ஆ) முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறார். “வாட்ச் அங்கேயே இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்” என்கிறார். மெத்தை வந்துவிடுகிறது. கடிகாரமும் கையை விட்டுப் போகவில்லை. இதை எழுதி முடித்து என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தங்கை பாராட்டுவாள் என்றுதான் ஃபோன் செய்தேன்.

“அண்ணா, அப்பாவுக்கு வாட்ச்சே கெடையாது” என்றாள்.

“இது அப்பா இல்ல. கதை.”

“அப்பாதான். கண்ணாடியக் கழட்டி வச்சா இப்படித்தான் மூஞ்சியத் தடவித் தடவித் தேடுவாரு. நான்தானே உங்கிட்ட சொன்னேன்.”

சொல்லியிருந்தாள். எனக்கு மறந்தே போயிருந்தது. வங்கி அதிகாரியை நான் ஏன் எழுப்பி அனுப்பினேன் என்று அப்போது விளங்கியது.

“அது இருக்கட்டும்,” என்றாள். “இந்த முடிவுல அவரு நல்லவருதான். ஆனா பணம் கட்டிட்டாரு. இனிமே தெனமும் காலைல எழுந்து ஃபோனைப் பாப்பாரு இல்ல? சேதி வந்துருச்சான்னு.”

கதை எழுதுகிறவனும் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். கிழவர் போனால்தானே அவனுக்குக் கடைசிப் பக்கம் கிடைக்கும்?

“நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூப்புட்டு ‘எப்படி இருக்காரு’ன்னு கேப்ப. தப்பா எடுத்துக்காத. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.”

(இங்கே என் பதில் ஒன்று இருந்தது. நீளமானது. நியாயமாகவும் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் அந்தப் பக்கம் காத்திருந்தாள், எக்ஸ்ரே மேசையில் கிடப்பவர் அசையாமல் ஆகும்வரை காத்திருப்பது போல.

“அவரச் சாகடிக்காதண்ணா,” என்றாள் கடைசியில். “ஒருதடவை பாத்தாச்சு.”

7

அதனால் இந்தக் கதையில் முடிவு இல்லை. எழுதத் தெரியாமல் இல்லை, எழுத மாட்டேன்.

மெத்தை வந்துவிட்டது. மோட்டார் மெல்ல உறுமுகிறது. மகள் கடைக்குக் கிளம்பும் முன் அப்பாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, கழற்றாமலே சாவி கொடுக்கிறாள். அவர் காதருகே கொண்டுபோய்க் கேட்கிறார். பிறகு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறார்.

கண்ணாடிக்காரரை நான் அனுப்பிவிட்டேன். அவர் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். கடிகாரம் அசல்தான், விலை நியாயமானதுதான், பணமும் கட்டியாகிவிட்டது. அவளுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று உங்களுக்கு ஒருநாள் தோன்றும். எழுதுங்கள். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, கடையில் வேலை அதிகமா என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.