ஆறு மணி நேரம்

"இன்னொரு பை எடுங்க," என்றான் தம்பி.

முதல் பை ரத்தம் அப்போதுதான் நிரம்பியிருந்தது. ஒருவரிடம் ஒன்றுக்குமேல் எடுப்பதில்லை என்று நர்ஸ் சொல்லியும் அவன் கேட்கவில்லை. மறு கையை நீட்டிக்கொண்டே நின்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே கிடந்தவர் அக்காவின் கணவர். ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விரிசல் விட்டிருந்த முன்கண்ணாடியை அன்று காலைதான் தம்பி தன் பட்டறையில் மாற்றிக் கொடுத்திருந்தான். பதினாறு வருஷமாக அவனுக்கு அதுதான் தொழில். விளிம்பு சுற்றிலும் கறுப்புப் பசையைப் பிதுக்கி, புதுக் கண்ணாடியைப் பதித்து அழுத்துவான். பசை இறுக ஆறு மணி நேரம் ஆகும், அதுவரை வண்டியை எடுக்கக்கூடாதென்று பசைக் குழாயிலேயே அச்சடித்திருக்கும்.

எப்போது எடுக்கலாம் என்று மாமா கேட்டபோது, வாசலில் அடுத்த வண்டிக்காரன் இடம் கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மணி நேரம் போதும் மாமா. நான் போட்டதாச்சே."

நல்லவேளை, இன்னும் தாமதமானால் ரொட்டி காய்ந்து செங்கல்லாகிவிடும், அதை வைத்து வீடுதான் கட்டவேண்டும் என்று சிரித்தார் மாமா.

வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது வண்டி மரத்தில் மோதியது. கண்ணாடி அப்படியே பெயர்ந்துவிட, அந்த வழியாக மாமா வெளியே போய் விழுந்தார். தூக்கி வந்தவர் ஆச்சரியத்தோடு சொன்னார், கண்ணாடி ஒரு கீறல்கூட இல்லாமல் புல்லில் முழுசாகக் கிடந்ததாம். மாமாவுக்கு பெல்ட் போடும் பழக்கம் கிடையாது. அதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான் தம்பி. அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை அவர் இறக்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. தம்பி அவர் கையைப் பற்றிக்கொண்டு, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், இப்போதே வண்டி பிடிக்கிறேன் என்று பேசிக்கொண்டே போனான். அவர் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

அக்கா அழவில்லை. மாமாவின் சட்டையை மடியில் வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, நான்தான் அவர்கிட்ட..."

"தெரியும். கிளம்புறப்ப போன் பண்ணாரு. மச்சான் ஒரு மணி நேரம் போதும்னுட்டான், சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னாரு."

அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவன் காத்திருந்தான். அவள் சட்டையை நீவி மடித்தாள்.

"என்னை ஏதாவது சொல்லேன், அக்கா."

"அவரோட அம்மாகிட்ட நீயே சொல்லணும். என்னால முடியாது."

சரியென்று தலையை ஆட்டினான். யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து அக்காவின் தலை மெல்லச் சாய்ந்து அவன் தோளில் விழுந்தது. தோள் மரத்துப்போயிற்று. அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.